கையெழுத்துக்கு முன் ஒரு சொல்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் கல்வியின் அவசியத்தைப் பற்றிப் பேசுவோம். அதை இனி நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆகவே இந்த ஆண்டு ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றுபோல ஒலிக்கும், ஆனால் பொருளில் வேறாக இருக்கும் ஆங்கிலச் சொற்கள்.

“இது இங்கிலீஷ் வாத்தியார் வேலையாயிற்றே, செயலாளருக்கு என்ன வந்தது?” என்று நீங்கள் நினைக்கலாம். நம் அலுவலகத்துக்கு வரும் காகிதங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பள்ளிக்கூட பாரம், வங்கிக் கடன் பாரம், பாஸ்போர்ட், விசா, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக எடுத்துக்கொண்டால் பரீட்சையில் அரை மதிப்பெண் போவதோடு நிற்பதில்லை. வீட்டின் பணமும், பயணமும், சில நேரம் உயிரும் அதில் இருக்கிறது.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். மக்தபில் ஓதும் ஏழு வயதுப் பிள்ளையைக் கேளுங்கள். அரபியில் ‘கல்ப்’ என்றால் இதயம். இன்னொரு ‘கல்ப்’ இருக்கிறது. அதற்கு நாய் என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது அடிநாக்கில் பிறக்கும் காஃப். இரண்டாவது அதற்குச் சற்று முன்னால் பிறக்கும் காஃப். அதனால்தான் ஹஸ்ரத்மார்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் மக்ரஜ் சொல்லி, திரும்பத் திரும்ப ஓத வைக்கிறார்கள். எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும் என்ற பயம் நமக்குச் சிறு வயதிலேயே ஊட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கவனத்தில் ஒரு பங்கை ஆங்கிலக் காகிதத்துக்கும் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பிள்ளைகளே, உங்களிடம் இரண்டு கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று அரபி ஓதிய காது, மற்றொன்று தமிழ் பேசும் நாக்கு.

அரபியில் ஸீனும் ஸாயும் வேறு. ஸாய் சொல்லும்போது தேனீ ரீங்காரம்போல ஓர் அதிர்வு வரும். ஆங்கிலத்திலும் அதே வேறுபாடு உண்டு. விலை என்ற பொருளில் வரும் ‘பிரைஸ்’ ஸீனில் முடிகிறது. பரிசு என்ற பொருளில் வரும் ‘பிரைஸ்’ ஸாயில் முடிகிறது. தளர்வானது என்று சொல்லும் ‘லூஸ்’ ஸீன். எழுத்தில் இரண்டு ஓ வரும். தொலைப்பது, இழப்பது என்று சொல்லும் ‘லூஸ்’ ஸாய். அதில் ஒரே ஓ. மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது என்று விண்ணப்பம் எழுதும் பிள்ளை இரண்டு ஓ போட்டுவிட்டால், மதிப்பெண் பட்டியல் தளர்ந்துவிட்டது என்று ஆகிவிடும்!

தமிழிலோ குறில், நெடில் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘ஷிப்’ என்றால் கப்பல், ‘ஷீப்’ என்றால் செம்மறி ஆடு. ‘ஃபில்’ என்றால் நிரப்பு, ‘ஃபீல்’ என்றால் உணர். வேறு மொழிக்காரர்கள் பலர் இதில் தடுமாறுவார்கள். கல், கால் என்று பேசிப் பழகிய நமக்கு இது சிரமமே இல்லை; சொன்னவுடன் காது பிடித்துக்கொள்ளும்.

எழுத்திலும் கவனிக்க வேண்டிய வேறுபாடுகள் உண்டு. அவற்றைக் கண்ணும் பிடிக்க வேண்டும். ஆலோசனை என்ற ‘அட்வைஸ்’ சி எழுத்தோடு வரும். ஆலோசனை சொல்வது என்ற ‘அட்வைஸ்’ எஸ் எழுத்தோடு வரும். மதரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கு எளிதாகச் சொல்கிறேன்: இஸ்ம் என்றால் சி, ஃபிஃல் என்றால் எஸ். பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். நாம் பள்ளியில் படிக்கும் பிரிட்டிஷ் முறை ஆங்கிலத்தில் ‘பிராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ ஆகிய சொற்களும் இதே கணக்குதான். டிரைவிங் லைசென்ஸ் என்பது கையில் இருக்கும் ஒரு பொருள். ஆகவே கடைசியில் சி.

‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இரண்டையும் பாருங்கள். ஏ எழுத்தில் தொடங்குவது பெரும்பாலும் வினை, பாதிப்பது. இ எழுத்தில் தொடங்குவது பெரும்பாலும் பெயர், விளைவு. அரசாங்க அறிவிப்பில் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ என்று ஒரு தேதி போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்று பொருள். உதவித்தொகை அறிவிப்புகளில் அந்த வரியைத் தவறவிடாதீர்கள்.

‘அக்ஸெப்ட்’ என்றால் ஏற்றுக்கொள்வது. ‘எக்ஸெப்ட்’ என்றால் தவிர. வேலை கொடுத்த கம்பெனிக்கு ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத நினைத்து, இ-எக்ஸ் போட்டு அனுப்பினால் படிப்பவர் என்ன நினைப்பார்? பயோடேட்டாவில் ‘பர்சனல்’ என்றால் சொந்த விவரம்; அதில் ஓர் என். ‘பெர்ஸனெல்’ என்றால் பணியாளர்கள். அதில் இரண்டு என். வேலைக்கு ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது அந்தத் தலைப்பைத்தான்.

ஊரில் கடைப் பலகைகளைப் பாருங்கள். பேனா, நோட்டு விற்கும் ‘ஸ்டேஷனரி’ கடைசியில் இ-ஆர்-ஒய் என்று முடிய வேண்டும். ஏ-ஆர்-ஒய் என்று எழுதினால் அசையாமல் நிற்பது என்று பொருள். வியாபாரம் ஓட வேண்டும் என்று துஆ செய்து கடை திறக்கிறோம். பலகையில் நிற்கிறது என்று எழுதி மாட்டுகிறோம்! ‘பேப்பர்’ என்ற சொல்லின் முடிவில் உள்ள இ-ஆர் தான் பேப்பர் விற்கும் ஸ்டேஷனரியிலும் வருகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை பிள்ளைகளுக்கு. இனிப் பெரியவர்களுக்கு.

‘பிரின்சிபல்’ என்று கேட்டதும் கல்லூரி முதல்வர் நினைவுக்கு வருகிறார். அதே எழுத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. கடன் பத்திரத்தில் ‘பிரின்சிபல்’ என்றால் அசல் தொகை. இரண்டும் ஏ-எல் என்று முடியும். கொள்கை என்ற பொருளில் வரும் சொல் மட்டும் எல்-இ என்று முடியும். நம் அறக்கட்டளை கொடுக்கும் கர்ழ் ஹஸனாவில் திருப்பித் தர வேண்டியது பிரின்சிபல் மட்டும்தான். வட்டி வாங்குவதில்லை என்பது நம் கொள்கை, அதாவது எல்-இ. வெளியிலிருந்து வரும் கடன் பத்திரத்தில் பிரின்சிபல் எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘கார்டியன்’, ‘கேரண்டர்’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. எழுத்தில் இரண்டும் ஜி-யூ-ஏ-ஆர் என்றுதான் தொடங்கும். கார்டியன் என்றால் பாதுகாவலர், நம் வழக்கில் வலீ. பிள்ளையின் பள்ளிக்கூட பாரத்தில் அத்தா வெளிநாட்டில் இருந்தால் மாமாவோ சாச்சாவோ கார்டியனாகக் கையெழுத்துப் போடுவது வழக்கம். கேரண்டர் என்றால் பிணை நிற்பவர், நம் வழக்கில் கஃபீல். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்பவர்.

நம் பகுதிச் சகோதரர் ஒருவர் நண்பரின் மகனுக்காக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். “பையனுக்குப் பெரியவர் என்ற முறையில் போடுங்கள்” என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது. இரண்டு வருடம் கழித்து அவர் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. “நான் பையனுக்குக் கார்டியன்தானே?” என்று அவர் கேட்டார். காகிதத்தில் இருந்த சொல் கேரண்டர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் பிணை நின்றவரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு. கடன்காரரை முதலில் கேட்டுவிட்டுத்தான் பிணையாளரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிணை நிற்பது தவறல்ல. மார்க்கத்திலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் தெரிந்து நிற்க வேண்டும், தாங்க முடிந்த அளவுக்கு நிற்க வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், எதைப் பற்றிப் பேசுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றித்தான். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்றும், சொல்ல இயலாதவருக்கு அவருடைய வலீ சொல்ல வேண்டும் என்றும் அதில் வழிகாட்டப்பட்டிருக்கிறது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை நம்பிக்கைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று யாராவது கேட்டால், “நம்பிக்கை இருக்கிறது பாய், படித்துவிட்டுப் போடுகிறேன்” என்று சொல்லுங்கள்.

அடுத்தது ‘நாமினி’. இந்தச் சொல் நம் வீடுகளில் வாரிசு என்ற பொருளில் புழங்குகிறது. வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை அது சரியல்ல. கணக்குக்காரர் வஃபாத் ஆனால் பணத்தை வங்கியிலிருந்து பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்டவரே நாமினி. அந்தப் பணம் வாரிசுகளுடையது. அதை ஷரீஅத் பங்கீட்டின்படி உரியவர்களிடம் சேர்ப்பது நாமினியின் கையில் உள்ள அமானிதம். மூத்த மகன் நாமினியாக இருப்பதால் தங்கைகளின் பங்கு மறைந்துவிடாது. நாமினி பெயரால் மட்டும் சொத்து கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றமும் பல வழக்குகளில் தெளிவாக்கியிருக்கிறது. இன்சூரன்ஸில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. அப்படிப்பட்ட காகிதம் கையில் இருப்பவர்கள் ஒரு வக்கீலிடமும் ஓர் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவது நல்லது.

இனிப் பயணம். நம் ஊரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை.

பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’, ‘கிவன் நேம்’ என்று இரண்டு இடம் இருக்கிறது. சர்நேமில் வரும் ‘சர்’ என்பது வாத்தியாரைக் கூப்பிடும் ‘சார்’ அல்ல, அது எஸ்-யூ-ஆர். குடும்பப் பெயர் அல்லது கடைசிப் பெயர் என்று பொருள். கிவன் நேம் என்பது நமக்கு இட்ட பெயர். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு. அத்தா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். அதனால் பலர் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது நம் மக்கள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் சில தளர்வுகள் வந்தன. என்றாலும், புதிதாக பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகள் இனிஷியலை விரித்து, அத்தாவின் முழுப் பெயரை சர்நேமில் எழுதுவது பாதுகாப்பு. ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

‘இமிக்ரேஷன்’, ‘எமிக்ரேஷன்’ இரண்டையும் ஒன்றாகவே உச்சரிக்கிறோம். ஐ எழுத்தில் தொடங்குவது ஒரு நாட்டுக்குள் வருவது. இ எழுத்தில் தொடங்குவது ஒரு நாட்டைவிட்டு வெளியேறுவது. விமான நிலையத்தில் போகும்போதும் வரும்போதும் முத்திரை குத்தும் கவுன்டருக்கு நம் நாட்டில் இமிக்ரேஷன் என்று பெயர் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் இ-சி-ஆர் என்று குறித்திருந்தால், அது எமிக்ரேஷன் சோதனை தேவை என்று பொருள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அது தேவையில்லை. மற்றவர்கள் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, 1983ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடு சேர்ந்து வருவது 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு.

இங்குதான் சில ஏஜென்டுகள் விளையாடுகிறார்கள். “விசிட்டில் போய்விடு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார்கள். விசிட் விசா என்றால் பார்த்துவிட்டு வருவதற்கு. எம்ப்ளாய்மென்ட் விசா என்றால் வேலை செய்வதற்கு. விசிட்டில் போனவருக்கு அந்த அனுமதியும் இல்லை, அந்தக் காப்பீடும் இல்லை. சம்பளம் கொடுக்காவிட்டாலும் வேலை ஒப்பந்தம் என்று காட்ட ஒரு காகிதம் கையில் இருக்காது. பணம் கட்டும் முன் விசாத் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரி. ‘ஹைப்பர்’ என்றால் அதிகம். ‘ஹைப்போ’ என்றால் குறைவு. ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் அதிகம். நாம் பேச்சில் சொல்லும் ‘டென்ஷன்’ இது அல்ல. “எனக்கு மனசில் ஒரு கவலையும் இல்லையே” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கவலை இல்லாதவருக்கும் ரத்த அழுத்தம் இருக்கும்.

ஹைப்பர்கிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது. ஹைப்போகிளைசீமியா என்றால் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். குறைந்தவருக்கு உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். கூடியவருக்குக் கொடுக்கக் கூடாது. ரமலானில் சர்க்கரை நோயாளிகளுக்கு இது மிக முக்கியம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று காத்திருக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது.

‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது என்று பழகியிருக்கிறோம். பரிசோதனைத் தாளில் டெங்கு பாசிட்டிவ் என்றால் டெங்கு இருக்கிறது என்று பொருள். அங்கே நெகட்டிவ் வந்தால்தான் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும்.

மருந்துப் பெயர்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு. மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிப்போகக்கூடிய பெயர்கள் என்று மருத்துவ உலகமே எச்சரித்திருக்கிறது. மருந்துகளின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. எழுத்து புரியாவிட்டால் “டாக்டர், இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருந்துக் கடையிலும் “இது எதற்கு?” என்று ஒரு தடவை கேளுங்கள்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. மூன்று பழக்கங்களை மட்டும் வீட்டில் கொண்டுவாருங்கள்.

ஒன்று, வீட்டுக்கு வரும் எந்த ஆங்கிலக் காகிதத்தையும் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லில் நின்றால் திட்டாதீர்கள். நின்றதற்குப் பாராட்டுங்கள். தெரியாமல் ஓடிப் போகிற பிள்ளையைவிட நின்று கேட்கிற பிள்ளை மேல்.

இரண்டு, ஒரு நோட்டுப் போடுங்கள். பாரத்தில், சீட்டில், கடைப் பலகையில் சந்தித்த குழப்பமான சொல்லை, எந்தக் காகிதத்தில் வந்தது என்ற குறிப்போடு எழுதி வையுங்கள். பட்டியலாகப் படிப்பது மறந்துபோகும். தன் வீட்டுக் காகிதத்தில் பார்த்தது மறக்காது. தாய்மார்களுக்கும் இது பொருந்தும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் காகிதங்களைப் பார்ப்பது நீங்கள்தான்.

மூன்று, அர்த்தம் தெரியாத சொல் இருக்கும் காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் கெட்டுப்போகிற நல்ல காரியம் மிகக் குறைவு. அவசரப்படுத்துகிறவரிடம் கூடுதல் கவனமாக இருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் ஒரு மேசை போடப்படும். இன்று உதவித்தொகை பெறும் கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் முறை வைத்து அங்கே அமர்வார்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. எந்தக் காகிதத்தையும் கொண்டுவாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துச் சொல்வார்கள். கட்டணம் இல்லை. காகிதத்தில் உள்ளது வெளியே போகாது, அது அமானிதம். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது. சட்டம் தெரிந்தவர் தேவைப்பட்டால் யாரிடம் போவது என்று வழி சொல்வோம்.

மாணவர்களே, உங்களுக்குக் கொடுக்கும் இந்தத் தொகை மக்களின் ஜகாத்திலிருந்தும் சதகாவிலிருந்தும் வந்தது. அதைப் பணமாகத் திருப்பித் தர வேண்டாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த மேசையில் அமர்ந்து, உங்கள் அத்தா வயதுள்ள ஒருவருக்கு ஒரு பாரத்தைப் பொறுமையாகப் படித்துக் காட்டுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியைத் தருவானாக. நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.